அரை மணி நேர அனுமதி

போனில் ஹாட்ஸ்பாட் எரிந்துகொண்டிருந்தது. மடிக்கணினியும் இணைந்துவிட்டதாகச் சொன்னது. அதற்குக் கீழேயே இணையம் இல்லை என்று இன்னொரு வரி. காவல்காரர் இரண்டு வரிகளையும் மாறி மாறிப் படித்தார். உள்ளே விட்டாயிற்று, ஆனால் ஆள் உள்ளே வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“என்னங்க, வந்துச்சா?” மனைவி உள் அறையிலிருந்து கேட்டாள்.

“வந்திருக்கு. ஆனா வரல.”

“அப்படின்னா?”

“அதான் எனக்கும் தெரியல.”

அவள் நாற்காலி மேல் ஏறி, வெளிர்நீல விரிப்பு ஒன்றைச் சுவரில் பிசின் நாடாவால் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் படமோ காலண்டரோ இருக்கக் கூடாது, தோளிலிருந்து இரண்டு கைகளும் முழுசாகத் தெரிய வேண்டும், போன் வழியாக வரக் கூடாது, கணினியில்தான் வர வேண்டும் என்று தேர்வு நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். பதினோரு மணிக்குத் தேர்வு. இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் திரையிலிருந்து மறைந்தால் வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் காலையிலிருந்து பலமுறை சொல்லிவிட்டாள்.

எல்லாம் தயாராகத்தான் இருந்தது. மகளின் பழைய மடிக்கணினி முந்தைய வாரமே வந்துவிட்டது. கட்டடத்து இணையத்தில் ஒத்திகையும் பார்த்தாயிற்று. காலையில் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர்கள் வாசலில் பள்ளம் தோண்டினார்கள். மண்வெட்டி எதிலோ பட்டது. மாடி முழுக்க இணையம் செத்தது. தோண்டியவர் அறுந்த கருப்பு ஒயரைத் தூக்கிக் காட்டி, “இது தண்ணிக் குழாய் இல்லையே,” என்றார். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது காவல்காரரின் போன் ஒன்றுதான்.

அந்தப் போன் மாப்பிள்ளை கொடுத்தது. புதியது வாங்கியபோது பழையதைத் துடைத்து, உறை போட்டு, மாமனாரிடம் நீட்டினார். “ரூட் பண்ணின போன் மாமா, என்ன வேணாலும் செய்யலாம்,” என்றார். ரூட் என்றால் என்ன என்று காவல்காரர் கேட்டதற்கு, போன் செய்த கம்பெனி பூட்டி வைத்த அறைகளையெல்லாம் திறந்துவிடுவது என்று விளக்கினார். கம்பெனி காரணமில்லாமலா பூட்டியிருக்கும் என்று மாமனாருக்குத் தோன்றியது. மாப்பிள்ளையிடம் அதைக் கேட்க முடியாது. மென்று விழுங்கிக்கொண்டார்.

பூட்டுகளின் பக்கம் நின்றே வாழ்ந்தவர் அவர். கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலையின் பின்வாசல் அவருடையது. உடைந்த கண்ணாடி ஏற்றிய லாரிகள் அந்த வழியாக உள்ளே வரும், பாட்டில் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் வெளியே போகும். ஒரு கூண்டறை, அதில் பேசுவதற்கு ஓட்டை போட்ட ஜன்னல், கால் ஒடிந்து செங்கல் முட்டுக்கொடுத்த மேசை, குறுக்குக் கம்பத்தை ஏற்றி இறக்கும் சுவிட்ச், பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டைகள் போட்ட தகரப் பெட்டி. அட்டை ஒன்றின் ஆயுள் அரை மணி நேரம். நேரம் ஓடத் தொடங்குவது ஆள் உள்ளே போகும்போது அல்ல, அட்டை கைமாறும்போது. வாசலில் நின்று பராக்குப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போய், “இப்பதானே வந்தேன்” என்று மல்லுக்கு நிற்பவர்களிடம் அவர் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது.

யார் வந்து எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்றுதான் சொல்வார். அப்புறம்தான் யார், என்ன என்று விசாரிப்பார். முடியாது என்றதும் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்பது அவர் தொழில் சூட்சுமம். லாரிக்காரர்கள் அவருக்கு ‘முடியாது’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். “இன்னைக்குக் கேட்ல யாரு? முடியாதா? அப்ப ஒரு டீ குடிச்சிட்டே போவோம்.” அவர் காதுபடவே பேசுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மாப்பிள்ளைக்கே இந்த அனுபவம் உண்டு. பெண் கேட்பதற்கு முன்னால், பெண்ணின் அப்பாவைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று ஒரு நாள் ஆலை வாசலுக்கு வந்தார். வேலை நேரத்தில் முடியாது என்று காவல்காரர் வெயிலில் நிறுத்திவிட்டார். யார், என்ன விஷயம் என்று தெரிந்த பிறகு சிவப்பு அட்டை கொடுத்துக் கூண்டறைக்குள் உட்கார வைத்தார். அரை மணி ஆனதும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். கல்யாணமாகி எவ்வளவோ காலம் ஆகியும், மாமனார் முன்னால் உட்காரும்போது மாப்பிள்ளை முகத்தில் அந்த வெயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இப்போது அந்த மாப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் இருப்பது வேறு ஊர். அழைத்ததும் எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க மாமா. அத்தை பரீட்சை இன்னைக்குத்தானே?”

“அதான் மாப்பிள்ளை. ஹாட்ஸ்பாட் போட்டுட்டேன். கம்ப்யூட்டரும் சேந்துக்கிச்சு. நெட் மட்டும் வரமாட்டேங்குது.”

“உங்க பிளான்ல ஷேர் பண்ண முடியாது மாமா. போன்ல மட்டும்தான் பாக்கணும்னு கம்பெனி வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் நான் ஒரு ஆப் போட்டுக் குடுத்தேனே, ஒரு குடை படம் இருக்கும் பாருங்க. அதை அழுத்துங்க.”

குடை இருந்தது. அழுத்தினார். திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

“திறந்து மூடிக்குது.”

“திறந்து மூடிக்குதா? அப்படி ஆகாதே.”

“ஆகாததுதான் ஆகுது. மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கம்பெனி வேண்டாம்னு வெச்சதை நாம செய்யலாமா?”

“மாமா, நெட் நீங்க வாங்கினது. குடத்துல தண்ணி புடிச்சாச்சு. அதைச் சொம்புல குடிக்கக் கூடாது, தம்ளர்லதான் குடிக்கணும்னு ஒருத்தன் வந்து சொன்னா என்ன சொல்வீங்க?”

காவல்காரர் யோசித்தார். அவர் வேலை செய்கிற இடத்தில் அப்படிச் சொல்கிறவர் அவர்தான். உள் அறையில் நாடா பிய்க்கும் சத்தம் கேட்டது. இதைத் தீர்த்துக்கொள்ள இப்போது நேரமில்லை என்று தள்ளி வைத்தார்.

“சரி, என்ன செய்யணும், சொல்லுங்க.”

“முகமூடி மாதிரி ஒரு படம் இருக்கா?”

“இருக்கு. திருடன் மாதிரி.”

“திருடன் இல்ல மாமா. அதைத் திறங்க.”

“அதை நான் தொட்டதே இல்ல மாப்பிள்ளை.”

“இப்ப தொடுங்க. கீழ சூப்பர் யூசர்னு இருக்கா?”

“இருக்கு. அது யாரு?”

“நீங்கதான்.”

“நானா?”

“அந்தப் போன்ல எல்லாத்துக்கும் மேல நீங்கதான் மாமா. எந்த ஆப் உள்ள போகணும்னாலும் உங்களைக் கேட்டுத்தான் போகும்.”

காவல்காரர் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். கீறல் விழுந்த உறைதான் இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினார். சூப்பர் யூசரைத் தொட்டார். குடையும் இன்னும் சில படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன சுவிட்ச். எல்லாம் அணைந்திருந்தன.

சொன்னார்.

“மாமா, இதையெல்லாம் யாரு ஆஃப் பண்ணினது?”

“அது வந்து கேட்டுச்சு. நான் முடியாதுன்னேன்.”

“எது கேட்டுச்சு?”

“பேர் தெரியாத ஏதோ ஒண்ணு. இன்னது அனுமதி கேக்குது, விடலாமா வேண்டாமான்னு. நீங்க போனைக் குடுத்த புதுசுல திடீர் திடீர்னு வந்து நிக்கும். யாருன்னு தெரியாம எப்படி விடறது?”

“எல்லாத்தையுமா மறுத்தீங்க?”

“ஒண்ணு விடாம.” அவர் குரல் லேசாக நிமிர்ந்தது. “பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணும். நாம பதில் சொல்லலைன்னா அதுவே வேண்டாம்னு எடுத்துக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா நான் ஒரு தடவைகூட எண்ண விட்டதில்ல. உடனே அழுத்திடுவேன்.”

“எவ்வளவு நேரத்துக்குன்னு கேட்டிருக்குமே?”

“எப்பவும்னு போட்டேன். வேண்டாம்னா எப்பவும் வேண்டாம்தானே?”

பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. “அவர்கிட்ட போயி கேட்டா வேற என்ன சொல்வாரு? பேரே அதானே,” என்றாள். மாப்பிள்ளை அவளை அடக்குவதும் கேட்டது.

“சரி மாமா, பரவால்ல. அந்தக் குடையை அந்த லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க. வெளிய வந்து மறுபடி குடையை அழுத்துங்க. புதுசா வந்து கேக்கும். இந்தத் தடவை சரின்னு சொல்லுங்க. அது போதும்.”

தூக்கினார். வெளியே வந்தார். குடையை அழுத்தினார். கேள்வி வந்து நின்றது. இதற்கு அனுமதி தரலாமா? மறுப்பு என்ற சொல்லின் பக்கத்தில் பத்து, ஒன்பது என்று எண்கள் இறங்கின. நடுவில் ஒரு கட்டம், எவ்வளவு நேரத்துக்கு என்று. தொட்டதும் விரிந்தது. எப்போதும். ஒரு தடவை. பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி.

காவல்காரரின் விரல் யோசிக்கவே இல்லை. தேர்வு அரை மணி நேரம்தான் என்று மனைவி சொல்லியிருந்தாள். அரை மணியைத் தொட்டார். சரி என்றார். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிவப்பு அட்டை கொடுத்ததை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

குடை திறந்தது. இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை.

“வந்துச்சா மாமா?”

காவல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

“வரல.”

“வரணுமே! மேல ரெண்டு அம்பு மாதிரி தெரியுதா?”

“அம்பும் இல்ல, வில்லும் இல்ல.”

“அப்ப டேட்டாவே இல்ல. நான் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன். வைங்க.”

வைத்தார். வைத்த கையோடு உள் அறையிலிருந்து குரல். “என்னங்க! வந்துடுச்சு!”

உடனே மாப்பிள்ளையை அழைத்தார். “வந்துடுச்சு மாப்பிள்ளை!”

“என்னங்க! போயிடுச்சு!”

“போயிடுச்சாம் மாப்பிள்ளை.”

“என்ன மாமா, வந்துடுச்சுங்கறீங்க, போயிடுச்சுங்கறீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. உங்க அத்தை சொல்றா.”

வைத்தார். வந்தது. அழைத்தார். போயிற்று. மூன்றாவது தடவை மாப்பிள்ளையும் திணறிப்போனார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நடுக்கூடத்தில் நின்றார் காவல்காரர். இந்தப் போன் தன்னைப் பற்றிப் புகார் சொல்ல விடமாட்டேன் என்கிறதா? கேட்டால் ஒளிந்துகொள்கிறது, கேட்காவிட்டால் வந்து நிற்கிறது.

மனைவி வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து அவரையும் போனையும் பார்த்தாள்.

“நீங்க பேசினா போகுது. வெச்சா வருது.”

“அப்படியா?”

“அப்படித்தான். அந்தப் போனுக்கு ஒரே வாய். ஒண்ணு பேசும், இல்ல நெட்டு குடுக்கும்.”

“அப்ப மாப்பிள்ளைகிட்ட எப்படிக் கேக்கறது?”

“என் போன்ல கேளுங்க. சமையலறையில அலமாரி மேல இருக்கு.”

அவளுடையது பொத்தான் போன். பேச மட்டும்தான் ஆகும். அதிலிருந்து அழைத்ததும் மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகவே கேட்டது. “இவ்வளவு நேரம் அந்தப் போன்லயா பேசினீங்க?” “வேற எதுல பேசுவேன்?” “தப்பு என் மேலதான் மாமா. பேசினா டேட்டா போயிடும்னு நான் சொல்லியிருக்கணும். இப்ப நெட் இருக்கா?” இருந்தது. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். இனி அந்தப் போனுக்கு யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மணி அடித்தாலே நெட் அறுந்துவிடுமாம். குடை அவ்வப்போது எட்டிப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும், அதைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. போய்விட்டார்.

அதே பொத்தான் போனில் காவல்காரர் ஆலை மேற்பார்வையாளரிடம் பேசினார்.

“சார், பன்னெண்டு மணி வரைக்கும் என் நம்பருக்குக் கூப்பிடாதீங்க. அவசரம்னா இந்த நம்பர்.”

“ஏண்ணா? யாராவது தேடறாங்களா?”

“போன்ல பேசினா போன் போயிடுது சார்.”

“என்ன சொல்றீங்க, ஒண்ணும் புரியல.”

“எனக்கும் புரியல சார். கூப்பிடாதீங்க, அவ்வளவுதான்.”

மனைவி முகம் கழுவிவிட்டு வந்தாள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி மேசையில் வைத்தாள். கையில் எதுவும் மின்னக் கூடாது. வெறும் கைகளை முன்னால் நீட்டிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரிலும் நீராவியிலும் கிடந்து விரல் நுனி சுருங்கிய கைகள்.

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இயந்திரங்கள் ஓடுகிற இரைச்சலில் அங்கே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அவளோடு விரிப்பு மடிக்கிறவளுக்கு எங்கேயுமே கேட்காது. பிறவியிலேயே அப்படி. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். நான்கு கைகளும் விரிப்பில் இருக்கும்வரை பேச்சு நடக்காது. மடித்து அடுக்கில் வைத்ததும் இருவரும் படபடவென்று பேசித் தீர்த்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பார்கள். அப்படி விரிப்புக்கு விரிப்பு இடைவெளியில் கற்றுக்கொண்ட சைகைப் பாஷை. காது கேளாத நோயாளி யாராவது வந்தால் டாக்டர்கள் சலவைக் கூடத்துக்கு ஆள் அனுப்புவார்கள். ஈர ஏப்ரனோடு போய் நின்று, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டுச் சொல்லிவிட்டு வருவாள். இப்போது அதற்கென்று ஒரு வேலையே போட்டிருக்கிறார்கள். இந்தத் தேர்வு தரும் சான்றிதழ் இருந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் சான்றிதழ் இருக்கிற வேறு யாருக்கோ. அடுத்த தேர்வு அடுத்த வருஷம். அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்காது.

“நீங்க உள்ள இருக்க வேண்டாம்,” என்றாள். “உங்களைப் பாத்தா எனக்குக் கை உளறும்.”

கதவு சாத்திக்கொண்டது.

சிக்னல் நன்றாகக் கிடைப்பது கூடத்து ஜன்னல் ஓரத்தில்தான். காவல்காரர் நாற்காலியை அங்கே போட்டு, போனை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி, மனைவியின் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழகிய வேலைதான். ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. என்ன, இந்த வாசலில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.

பதினோரு மணி ஆயிற்று. உள்ளேயிருந்து சத்தமில்லை.

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். தேர்வு என்றால் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்வார்கள் என்று இத்தனை நாளும் ஏதோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதுதான் உறைத்தது. இதில் சத்தமே வராது. நெட் இருந்தாலும் அமைதி, அறுந்தாலும் அமைதி. தேர்வு நன்றாகப் போனாலும் அமைதி, நின்றுபோனாலும் அமைதி. கதவருகே போய் நின்றார். நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. துணி உரசும் சத்தம். கை கையைத் தட்டும் மெல்லிய சத்தம் ஒன்று. அது ஒரு சொல்லா, அல்லது நெட் போன எரிச்சலில் தொடையில் அடித்துக்கொண்டாளா? திரும்பி ஜன்னலுக்கு வந்தார். போனில் அம்புகள் இரண்டும் இருந்தன. இருந்தால் நல்லதுதானே. நல்லதாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டைப்பை அதிர்ந்தது. மேற்பார்வையாளர்.

“அண்ணா, உங்களுக்குப் பதிலா வந்தவரு கம்பத்தைத் தூக்கிட்டாரு. இறங்கமாட்டேங்குது.”

“இறங்கமாட்டேங்குதா?” காவல்காரர் எழுந்துவிட்டார். “சுவிட்சை அழுத்திப் புடிக்கணும் சார். சும்மா தட்டினா இறங்காது.”

“புடிச்சாச்சு. அப்படியே நிக்குது. லாரியெல்லாம் அது பாட்டுக்கு உள்ள போகுது, வெளிய போகுது. யாரையும் நிறுத்த முடியல.”

யாரையும் நிறுத்த முடியவில்லை. வானத்தைப் பார்த்து நிற்கும் கம்பமும், அதன் கீழே கொட்டாவி விட்டபடி போகும் லாரிக்காரர்களும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். “மேசைக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கும் சார். அதைத் திறந்து, உள்ள சிவப்பா ஒரு…”

ஜன்னல் விளிம்பில் போன் கண் விழித்தது. கேள்வி வந்து நின்றது. குடை. இதற்கு அனுமதி தரலாமா?

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கொடுத்தாயிற்றே, மறுபடி ஏன் கேட்கிறது? ஆறு, ஐந்து. “சிவப்பா என்ன இருக்கும்ணா?” என்றார் மேற்பார்வையாளர். மூன்று. அரை மணி ஆகவில்லையே, இப்போதுதானே தேர்வு தொடங்கியது. இரண்டு. தேர்வு இப்போதுதான் தொடங்கியது. அட்டை எப்போது கைமாறியது?

ஒன்று. கேள்வி மறைந்தது. ஹாட்ஸ்பாட்டும் அணைந்தது.

கதவை விரலளவு திறந்து பார்த்தார். மனைவி பக்கவாட்டில் தெரிந்தாள். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கியபடி, பாதிச் சொல்லில் நின்றிருந்தாள். ஒரு கை விரிந்து, இன்னொரு கை அதை நோக்கிக் குவிந்து. திரையில் மூன்று முகங்கள் உறைந்துபோயிருந்தன. அவள் திரும்பவில்லை. கைகளையும் இறக்கவில்லை. இறக்கினால் சொல் சிந்திவிடும் என்பது போல.

“அண்ணா? லைன்ல இருக்கீங்களா? கேட் திறந்தே கெடக்குது!”

“திறந்தே கெடக்கட்டும் சார்,” என்றார் காவல்காரர். அழைப்பைத் துண்டித்தார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. கூட்டத்தில் இருப்பார். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று தெரியவில்லை. பார்க்கவும் பயமாக இருந்தது. போனைக் கையில் எடுத்தார். அதில் எல்லாத்துக்கும் மேலே அவர்தான். அப்படித்தான் சொன்னார்கள்.

முகமூடியைத் தொட்டார். சூப்பர் யூசர். குடையின் சுவிட்ச் அணைந்திருந்தது. நேரம் கடந்து போனதால் அதுவே மறுப்பாக எடுத்துக்கொண்டதோ, வேறு ஏதாவதோ, அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொண்டு செய்ய இப்போது நேரமில்லை. தூக்கினார். வெளியே வந்தார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். குடையை அழுத்தினார். கேள்வி வந்தது. எண்கள் இறங்கத் தொடங்கின. கட்டத்தைத் தொட்டார். எப்போதும். ஒரு தடவை. பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி.

விரல் தானாக அரை மணிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. வருஷக்கணக்காகப் பழகிய விரல். ஐந்து, நான்கு. ஒரு மணி என்றால் போதுமா? போதும் என்று சென்ற தடவையும் நினைத்தார். மூன்று. மேலே ஏறி ‘எப்போதும்’ என்பதைத் தொட்டார். அந்தச் சொல்லைச் சம்மதத்தோடு சேர்த்து அவர் அழுத்தியது அதுதான் முதல் தடவை. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. சரி என்றார்.

குடை திறந்தது. அம்புகள் வந்தன. அவர் கதவிடுக்குக்கு ஓடினார்.

மனைவியின் கைகள் இன்னும் அப்படியே இருந்தன. திரையில் வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நடுவில் இருந்தவர் கண் சிமிட்டினார். மனைவி விட்ட இடத்திலிருந்து கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தொடர்ந்து வேகமாக ஏதோ சொன்னாள். கதவுப் பக்கம் சுட்டிக் காட்டினாள், ஒரு கையைத் தூக்கி இறக்கினாள், நெஞ்சை நிமிர்த்தினாள். திரையில் மூன்று பேரும் சிரித்தார்கள். காவல்காரர் திருதிருவென்று விழித்தார். தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் தெரிந்தது.

மறுபடி ஜன்னலுக்கு வந்து, போன் முன்னால் நின்றார். உட்காரவில்லை.

கதவு திறந்தபோது அவள் நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். நீண்ட நேரம் கையால் பேசிவிட்டு வந்தால் அவளுக்கு உடனே குரல் எழும்பாது. அவர் பின்னாலேயே போய் நின்றார்.

“நடுவுல போயிடுச்சு, இல்ல?”

தலையாட்டினாள்.

“அதனால…?”

“என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வாசல்ல காவல் இருக்காரு, அடையாள அட்டை இல்லாம நெட்டைக்கூட உள்ள விடமாட்டாருன்னேன். சிரிச்சிட்டாங்க. கடைசியில ஏதாவது கதை சொல்லச் சொல்வாங்க, அதுக்கு உங்களையே சொல்லச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை வெயில்ல நின்ன கதையைச் சொன்னேன்.”

“சொன்னியா? அப்புறம்?”

“நடுவுல இருந்தாரே, அவருக்கும் காது கேக்காது. அவர்தான் தலைவர். கைய இறக்காம காத்திருந்தீங்களே, அதுவே போதும்னாரு.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “தேறிட்டேங்க.”

காவல்காரர் மேசையிலிருந்த வளையல்களை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், “இருங்க, இன்னும் ஒருத்திகிட்ட சொல்லணும்,” என்று, விரிப்பு மடிக்கும் தோழியைக் கணினியில் கூப்பிட அறைக்குள் போனாள்.

அவருடைய போன் அடித்தது. மாப்பிள்ளை.

“மாமா, கூட்டத்துல இருந்தேன். கூப்பிட்டிருந்தீங்களே, என்ன ஆச்சு?”

“நடுவுல வந்து மறுபடி கேட்டுச்சு மாப்பிள்ளை. அப்புறம் குடுத்துட்டேன். அத்தை தேறிட்டா.”

“தேறிட்டாங்களா! ஆமா, மறுபடி ஏன் கேட்டுச்சு? முதல்ல எவ்வளவு நேரத்துக்குக் குடுத்தீங்க?”

“அரை மணி.”

“இப்ப?”

“எப்பவும்னு குடுத்தேன்.”

“நீங்களா?”

“நான்தான். அது தப்பில்லையே? பின்னால ஏதாவது வருமா?”

“ஒண்ணும் வராது மாமா.” மாப்பிள்ளை தொடர்ந்தார். “அன்னைக்கு ஆலையில எனக்கே அரை மணி நேர அட்டைதான் குடுத்தீங்க.”

“நீங்க அந்த அட்டையைத் திருப்பிக் குடுக்கவே இல்ல மாப்பிள்ளை.”

மகளைக் கூப்பிட்டு மாப்பிள்ளை இதைச் சொல்வதும், அவள் சிரிப்பதும், “இங்கதான் இருக்கு, என் அலமாரியில,” என்பதும் கேட்டது. காவல்காரர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். குடைக்கும் முகமூடிக்கும் என்ன உறவு என்பதாக இருக்கலாம், அல்லது ஆலையில் கம்பம் இறங்கியிருக்குமா என்பதாக இருக்கலாம்.

சத்தமே இல்லாதிருந்த உள் அறையிலிருந்து மனைவி கத்தினாள்.

“என்னங்க, போனை வைங்க! பேசிட்டிருக்கோம்ல!”